ஹெல்மெட் போடாத போலீஸ்காரருக்கு யார் சலான் போடுவது?

எட்டாம்வகுப்பு டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிக்காக எங்கள் பள்ளிக்குப் போக்குவரத்துக் காவலர்கள் இருவர் வந்தார்கள். அருமையாகப் பேசினார்கள். ஒருவர் நடுவில் விரிசல் விட்ட பழைய ஹெல்மெட் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதைப் போட்டிருந்தவர் இன்னைக்கும் வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கார், பிள்ளைங்களா" என்றார். அந்த நேரம் ஹாலில் ஒரு சத்தம் இல்லை. நான் இருபது வருடமாக வகுப்பெடுக்கிறேன், எண்பது பிள்ளைகளை அப்படி உட்கார வைக்க எனக்கு வராது.

பிறகு பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போனேன். எங்கள் வகுப்பு ஜன்னல் பள்ளிக் கேட்டைப் பார்த்தபடி இருக்கும். இருவரும் ஒரே பைக்கில் ஏறினார்கள். இரண்டு தலையிலும் ஹெல்மெட் இல்லை. விரிசல் விட்ட அந்த ஹெல்மெட் மட்டும் ஹேண்டில்பாரில் தொங்கியது. யூ டர்ன் கொஞ்ச தூரம் தள்ளி இருப்பதால் எதிர்த்திசையிலேயே ஓட்டிப் போனார்கள். பின்பெஞ்சில் இருக்கும் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், இவங்களுக்கு யார் ஃபைன் போடுவாங்க?"

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "தெரிஞ்சுகிட்டு வந்து சொல்றேன்" என்றேன். அதற்காகத்தான் இந்த இழை. அந்த இரண்டு பேர் மீது எனக்குப் புகார் இல்லை, ஊர் பெயரும் சொல்லப் போவதில்லை. சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா? இருந்தால் அது எங்கே நின்றுவிடுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோர்ட்வாசல்

டீச்சர், வழி இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாத அளவுக்குத் தெளிவாகவே இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தை 2019ல் திருத்தியபோது 210பி என்று புதிதாக ஒரு பிரிவு சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே அதன் கீழ் குற்றம் செய்தால், அந்தக் குற்றத்துக்கு உரிய அபராதத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்த மாதமே டெல்லி போலீஸ் தங்கள் ஆட்களுக்குச் சுற்றறிக்கை விட்டது: அரசு வண்டியோ சொந்த வண்டியோ, விதியை மீறினால் இரட்டை அபராதம்.

தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் வந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1000 ஆனது. அப்படியானால் உங்கள் ஜன்னல் வழியே பிள்ளைகள் பார்த்ததற்கு, ஓட்டியவர் மட்டும் 2000 ரூபாய் கட்ட வேண்டும். பின்னால் இருந்தவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்தான். எதிர்த்திசைக்குத் தனிக் கணக்கு.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பிரிவின் ஆங்கில வாசகத்தில் 'அதிகாரி' என்று இல்லை, 'அதிகார அமைப்பு' என்ற பொருள் தரும் சொல்தான் இருக்கிறது. தனிப்பட்ட காவலரை இது கட்டுப்படுத்துமா என்று ஒரு வக்கீல் வாதாடலாம். வாதாடட்டும். இரட்டை அபராதம் பொருந்தாது என்று வைத்துக்கொண்டாலும் ஒற்றை அபராதத்திலிருந்து யாரும் தப்ப முடியாது. சீருடைக்கு ஹெல்மெட் விலக்கு என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. டர்பன் கட்டிய சீக்கியர்களுக்குத்தான் 129வது பிரிவு விலக்குத் தருகிறது.

---

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ

முப்பத்து மூன்று வருடம் காக்கி போட்டவன் நான். கடைசி ஆறு வருடம் டிராஃபிக். டீச்சரம்மாவின் மாணவி கேட்ட கேள்விக்கு வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் ரோட்டைச் சொல்கிறேன்.

இ-சலான் மெஷின் என் கையில் இருக்கிறது. எதிரே ஹெல்மெட் இல்லாமல் வருபவர் சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர். நான் நிறுத்தினால் அவர் நிற்பார், ஒருவேளை பணமும் கட்டுவார். ஆனால் அடுத்த மாதம் எனக்கு லீவு வேண்டும், திருவிழா பந்தோபஸ்தில் எந்த பாயிண்டில் என்னைப் போடுவார்கள் என்பது இருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு ஜி.பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க ஃபைல் நகர வேண்டும். இதில் எதுவும் அந்த இன்ஸ்பெக்டர் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய பேட்ச்மேட் கையில் இருந்தால் போதும். ஆறு வருடத்தில் சொந்த டிபார்ட்மென்ட் ஆளுக்கு நான் போட்ட சலான் மூன்று. மூவரும் எனக்குக் கீழே உள்ள கான்ஸ்டபிள்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோர்ட் சம்மனை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற கான்ஸ்டபிள் சொந்த பைக்கில், சொந்த பெட்ரோலில் போகிறார். ராத்திரி ரோந்து முடித்துக் காலையில் கோர்ட் டூட்டி. தூக்கமில்லாமல் வண்டி ஓட்டி லாரிக்கு அடியில் போன சகாக்கள் இரண்டு பேரை நான் பிணவறையில் அடையாளம் காட்டியிருக்கிறேன். ஒருவர் ஹெல்மெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். 2021 நவம்பரில்தான் கீழ்நிலைக் காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று அரசாணை வந்தது. அதுவும் ஆள் இருந்தால்தான் கிடைக்கும். போலீஸுக்குச் சலான் போடச் சொல்கிறவர்கள் எங்கள் எதிரிகள் என்று சின்ன வயதில் நினைத்தேன். பிணவறை வாசலில் நின்ற அன்றோடு அந்த எண்ணம் போய்விட்டது. யாராவது ஒருவர் 100 ரூபாய் ஃபைன் போட்டிருந்தால் அவன் ஹெல்மெட் போட்டிருப்பான்.

---

கீழவீதிக்காரன்

மன்னிக்கவும், எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதாகப் படுகிறது. திருடனைத் துரத்தும்போது ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டு இருப்பார்களா? விபத்து நடந்த இடத்துக்குப் போகிறவர் சிக்னலில் நிற்பாரா? அவர்களுக்குச் சில சலுகை இருக்கத்தான் வேண்டும்.

---

கோர்ட்வாசல்

சலுகை இருக்கிறது. கூடவே நிபந்தனையும் இருக்கிறது. வாகனம் ஓட்டுவதற்கான 2017 ஒழுங்குமுறைகளில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டிகள் அவசரப் பணியில் இருக்கும்போது சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம். ஆனால் சுழல் விளக்கும் சைரனும் போட்டிருக்க வேண்டும், மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஓட்டுநருடையது. 'அவசரம்' என்பதுதான் முக்கியமான சொல். டிபன் வாங்கப் போகும் ஜீப்புக்கு அந்தச் சலுகை இல்லை. பைக்கில் போகிறவரின் தலைக்கும் எந்த அவசரத்திலும் விலக்கு இல்லை.

---

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ

துரத்துவது பற்றிக் கீழவீதித் தம்பி கேட்டதால் ஒன்று சொல்கிறேன். 2018 மார்ச் 7, திருச்சி துவாக்குடி. ஹெல்மெட் போடாமல் நிற்காமல் போன தம்பதியை ஒரு இன்ஸ்பெக்டர் விரட்டிப் போய் வண்டியைக் காலால் உதைத்தார். பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கைதானார், மக்கள் அன்று ராத்திரி சாலையை மறித்தார்கள். தலைக்காயத்தில் யாரும் சாகக் கூடாது என்பதற்காகத்தான் ஹெல்மெட் கேஸ் பிடிக்கிறோம். நம்பர் தெரிந்தால் வீட்டுக்கே சலான் போகும். எதற்காக விரட்ட வேண்டும்? அதற்குப் பிறகு பயிற்சிக்கு வந்த பசங்களிடம் நான் அந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்லுவேன்.

---

டிப்போ டிரைவர்

அரசு பஸ் ஓட்டுறவன். 2024 மே மாசம் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாங்குநேரியில் பஸ் ஏறின ஒரு காவலர் டிக்கெட் எடுக்க மாட்டேன்னு நடத்துநர்கிட்ட வாக்குவாதம் பண்ணின வீடியோ பரவியது. டூட்டிப் பயணத்துக்குக் கொடுக்கிற வாரண்ட் சீட்டு இருந்தால்தான் இலவசம், இல்லைன்னா டிக்கெட் எடுக்கணும்னு எங்க துறையும் சொல்லிச்சு. அப்புறம் பார்த்தா, பல ஊர்ல எங்க பஸ்ஸுக்கு வரிசையா கேஸ். நோ பார்க்கிங், சீட் பெல்ட் இல்லை, சீருடை சரியில்லை. கடைசியில் மேலே இருக்கிற அதிகாரிகள் உட்கார்ந்து பேசினாங்க. அந்தக் காவலரும் நடத்துநரும் கட்டிப்பிடிச்சு டீ குடிக்கிற வீடியோவும் வந்தது. அது முடிஞ்ச கதை, அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்.

நான் சொல்ல வர்றது வேற. சீட் பெல்ட் போடாம பஸ் ஓட்டினா தப்புதான், கேஸ் போடுங்க. ஆனா அந்த வாரம் மட்டும் ஏன் கண்ணுக்குத் தெரிஞ்சது? முந்தின வாரமும் அதே பஸ், அதே சீட்டு. கோபம் வந்தா எடுக்கிறதுக்கும் சொந்தக்காரன்னா உள்ளே வைக்கிறதுக்கும் சட்டம் என்ன அரிவாளா? எஸ்எஸ்ஐ ஐயா மாதிரி ஒருத்தர் மனசுவிட்டு எழுதினதால நானும் எழுதுறேன். எங்க ஆளுங்க பஸ் ஸ்டாப்ல நிறுத்தாம நடு ரோட்டுல நிறுத்துறதும் எனக்குத் தெரியும்.

---

பால்காரர் மகன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

என் அப்பா சைக்கிளில் பால் கேன் கட்டி ஊற்றியவர். பதினைந்து வருடம் முன்பு, விடிகாலை நாலரை மணிக்கு ஒரு போலீஸ் ஜீப் அவரை இடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. அங்கே இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜீப் எந்த ஸ்டேஷனோ அதே ஸ்டேஷனில்தான் எஃப்.ஐ.ஆர். 'மிதிவண்டியில் வந்தவர் சைகை காட்டாமல் திடீரென வலதுபுறம் திரும்பியதால்' என்று எழுதியிருந்தது. எங்கள் வீடு இடதுபுறம். அப்பா அந்த இடத்தில் வலது பக்கம் திரும்புவதற்கு எந்தக் காரணமும் கிடையாது, ஊருக்கே தெரியும். பார்த்தவர் டீக்கடைக்காரர் ஒருவர்தான். அவர் என்னிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கடை அந்த ரோட்டில்தான் இருக்கிறது, தினமும் அவர்களுக்குத்தான் டீ ஊற்ற வேண்டும்.

கேஸைத் திருப்பியது ஒரு நோட்டு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எங்கள் வக்கீல் ஜீப்பின் லாக் புக்கை வரவழைக்கக் கேட்டார். அதில் அன்றைக்குக் காலை நாலு பத்துக்கு வண்டி கிளம்பியதாகவும், காரணம் 'சொந்த அலுவல்' என்றும் டிரைவர் கையால் எழுதியிருந்தது. அழைப்பு இல்லை, ரோந்து இல்லை, சைரன் இல்லை. ஓர் அதிகாரியின் உறவினரை ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அந்த டிரைவர் மட்டும் அன்றைக்குப் பொய்யாக 'ரோந்து' என்று எழுதியிருந்தால் எங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது. என் அப்பாவை இடித்தவரும் அவர்தான், எங்களுக்கு நியாயம் கிடைக்கக் காரணமான வரியை எழுதியவரும் அவர்தான். இன்று வரை அந்த மனிதரைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இழப்பீடு தீர்ப்பானது ஐந்தாம் வருடம். பணம் கைக்கு வந்தது ஏழாம் வருடம், தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிக் கோர்ட்டில் நிறைவேற்று மனு போட்ட பிறகு. அம்மா அதில் ஒரு பைசா செலவழிக்கவில்லை, தங்கையின் பெயரில் போட்டுவிட்டார்.

---

எட்டாம்வகுப்பு டீச்சர்

தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. எழுதியதற்கு நன்றி. உங்கள் அம்மா நலமாக இருக்கிறாரா?

---

பால்காரர் மகன்

நலம் டீச்சர். இப்போதும் நாலரை மணிக்கு விழித்துவிடுவார்.

---

கோர்ட்வாசல்

தம்பியின் வழக்கில் பணம் ஏன் ஏழாவது வருடம் வந்தது என்று பலர் கேட்கலாம். உங்கள் பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் 2000 ரூபாய் அபராதம். அரசின் வண்டிகளுக்கு 146வது பிரிவிலேயே விலக்கு உண்டு. அதனால் தீர்ப்பு வந்ததும் காசோலை அனுப்ப இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லை. அரசே கட்ட வேண்டும், ஃபைல் மேஜை மேஜையாக நகர வேண்டும். நிறைவேற்று மனு போட்டு, அமீனா ஜப்தி செய்ய வாசலுக்கு வந்த பிறகுதான் பல வழக்குகளில் பணம் நகர்கிறது.

ஆனால் அரசு பொறுப்பே ஏற்காது என்ற காலம் எப்போதோ போய்விட்டது. ராஜஸ்தான் அரசுக்கும் வித்யாவதிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962லேயே தீர்ப்புச் சொன்னது. உதய்ப்பூர் கலெக்டரின் ஜீப்பைப் பட்டறையிலிருந்து ஓட்டி வந்த டிரைவர், நடைபாதையில் போனவரை இடித்தார். அவர் மூன்று நாளில் இறந்தார். 'அரசுக் காரியம், அரசின் இறையாண்மை' என்று அரசு வாதாடியது. ஒரு முதலாளி தன் வேலைக்காரர் செய்த தவறுக்குப் பொறுப்பாவது போல அரசும் பொறுப்பு என்றது நீதிமன்றம். பட்டறையிலிருந்து ஜீப்பை ஓட்டி வருவதில் என்ன இறையாண்மை இருக்கிறது? இங்கேயும் வண்டி எதற்காகப் போனது என்ற கேள்விதான் வழக்கைத் தீர்மானித்தது, கவனியுங்கள்.

இரண்டாவது, புலன் விசாரணை. இடித்த வண்டியின் ஸ்டேஷனே விசாரிப்பது அடிப்படையிலேயே தவறு. விசாரணையை வேறு நிலையத்துக்கு மாற்றும்படி எஸ்.பி.யிடம் மனுக் கொடுக்கலாம், கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அப்பாவைப் பறிகொடுத்த பையன் பால் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் தானே கேட்டு வாங்க வேண்டியிருப்பதுதான் கொடுமை. போலீஸ் வண்டி சம்பந்தப்பட்ட மரணம் என்றால் கேட்காமலே வேறு சரகத்துக்குப் போக வேண்டும் என்று நிலையான உத்தரவு வேண்டும். நான் இதில் மிகவும் உறுதியாக இருக்கிறேன்.

---

கடல்தாண்டியவள்

நான் ஃப்ளோரிடாவில், மயாமிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறேன். பால்காரர் மகன் சொன்ன லாக் புக்கைப் படித்ததும் இங்கே நடந்த ஒன்று ஞாபகம் வந்தது.

2011 அக்டோபரில் ஒரு மயாமி போலீஸ் கார் மணிக்கு 120 மைல் வேகத்தில், அதாவது 190 கிலோமீட்டருக்கு மேல், நெடுஞ்சாலையில் பறந்தது. நெடுஞ்சாலை ரோந்துப் பெண் காவலர் ஒருவர் விரட்டி நிறுத்தினார். உள்ளே இருந்தவர் சீருடையில் இருந்த போலீஸ்காரர். டூட்டி இல்லை, வேறு ஒரு பகுதிநேர வேலைக்கு லேட்டாகிவிட்டது என்று போயிருக்கிறார். அந்தப் பெண் அவருக்கு விலங்கு மாட்டினார்.

சன் சென்டினல் என்ற உள்ளூர்ப் பத்திரிகை, இது ஒருவர் செய்த தவறா, எல்லாருக்கும் உள்ள வழக்கமா என்று பார்க்க நினைத்தது. ரேடார் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ரோட்டில் நிற்கவில்லை. போலீஸ் கார்களில் சுங்கச்சாவடிக்கான சன்பாஸ் கருவி இருக்கும், நம் ஊர் ஃபாஸ்டேக் மாதிரி. அந்தப் பதிவுகளைத் தகவல் சட்டத்தில் கேட்டு வாங்கினார்கள். ஒரு சாவடியைக் கடந்த நேரம், அடுத்ததைக் கடந்த நேரம், நடுவில் எவ்வளவு தூரம். பள்ளிக்கூடக் கணக்குதான். தூரத்தை நிருபர்களே ஓட்டிப் பார்த்து அளந்தார்கள். பன்னிரண்டு துறைகளைச் சேர்ந்த ஏறக்குறைய 800 போலீஸார் 90 முதல் 130 மைல் வேகத்தில் போயிருந்தார்கள். பலர் டூட்டிக்கு வரும்போதும் வீடு திரும்பும்போதும். 2004லிருந்து வேகமாகப் போன போலீஸாரால் 320 விபத்துகளாவது நடந்து 19 பேர் இறந்திருந்தார்கள் என்றும், சிறைக்குப் போனவர் ஒரே ஒருவர், அதுவும் 60 நாள் என்றும் எழுதினார்கள். 2013ல் அந்தத் தொடருக்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. பல போலீஸார் மீது நடவடிக்கை வந்தது, முதலில் பிடிபட்டவருக்கு வேலை போனது. சாலையில் அந்த வேகமும் வெகுவாகக் குறைந்தது.

விலங்கு மாட்டிய அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது தெரியுமா? ராத்திரியில் மிரட்டல் போன்கள். 88 போலீஸார் 200 தடவைக்கு மேல் அரசுக் கணினியில் அவருடைய ஓட்டுநர் உரிம விவரங்களைத் தேடியிருந்தார்கள். அவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. எஸ்எஸ்ஐ ஐயா லீவையும் திருவிழா பாயிண்டையும் பற்றி எழுதியதைப் படித்தபோது இதைத்தான் நினைத்தேன். நாடு வேறு, பயம் ஒன்றே.

---

கீழவீதிக்காரன்

பால்காரர் மகன் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவை அதே குரலில் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு கவலை இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் ஆளாளுக்குப் போலீஸ்காரர் முகத்துக்கு நேரே போனை நீட்டி 'உன் ஹெல்மெட் எங்கே' என்று கேட்டு வீடியோ போடுகிறார்கள். மாட்டுவது எப்போதும் கான்ஸ்டபிள்தான். கண்ணாடி ஏற்றிய காரில் போகிற அதிகாரியை யாரும் எடுப்பதில்லை. அந்தக் கான்ஸ்டபிளின் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அல்லவா?

---

சிக்னல் தேவதை

அண்ணா, நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். முகத்தை எடுக்க வேண்டியதே இல்லை. நான் சென்னையில் தினமும் ஸ்கூட்டரில் போகிறேன். நம்பர் பிளேட், இடம், நேரம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் போக்குவரத்துக் காவல் கணக்குக்கு அனுப்பினால் பல தடவை சலான் போட்டுப் பதில் வரும். பொதுமக்கள் வண்டியென்றால் சீக்கிரம். போலீஸ் என்று ஒட்டிய வண்டியென்றால் 'சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்' என்று ஒரு வரி, பிறகு அமைதி. எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. ஒரு தடவை நிஜமாகவே சலான் நகலையும் போட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஸ்டிக்கர் விஷயம்: 2024 மே 2 முதல் தனியார் வண்டிகளில் போலீஸ், பிரஸ், வக்கீல் என்றெல்லாம் ஒட்டினால் அபராதம் என்று சென்னையில் அறிவித்தார்கள். முதல் தடவை 500, அடுத்து 1500. நம்பர் பிளேட்டில் ஒட்டியவை நிறையக் குறைந்தன. கண்ணாடிக்குள் மாட்டும் தொப்பியும் லத்தியும் அப்படியே இருக்கின்றன.

---

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ

கீழவீதித் தம்பி சொன்னது என் மனதில் இருந்ததுதான். வீடியோவில் மாட்டுகிற கான்ஸ்டபிளுக்கு அன்று மாலையே மெமோ, அல்லது ஆயுதப்படைக்கு மாற்றம். பெரிதானால் மூன்று ஏ, மூன்று பி என்கிற துறை ஒழுங்கு நடவடிக்கை சார்ஜ், இன்கிரிமென்ட் கட். சாதாரண ஆள் 1000 ரூபாய் கட்டிவிட்டுப் போகிற குற்றத்துக்கு இவன் இரண்டு வருடம் அலைவான். அதனால் பக்கத்தில் இருக்கிறவன் அவனைக் காப்பாற்றத்தான் பார்ப்பான். ஒன்று கண்டுகொள்ளாமல் விடுவது, இல்லாவிட்டால் வேலைக்கே உலை வைப்பது. நடுவில் இருக்க வேண்டிய சலான் மட்டும் இல்லை. சாதாரணமாக 2000 ரூபாய் ரசீது, அதோடு முடிந்தது என்று இருந்தால் நானே பத்து இருபது பேருக்குப் போட்டிருப்பேன்.

சிக்னலில் கேமரா எடுக்கிற சலானில் ஒரு நல்லது, அதற்கு பேட்ச்மேட் கிடையாது. ஆனால் கேமரா எடுத்ததை அனுப்புவதற்கு முன்னால் ஓர் ஆள் பார்த்து ஒப்புக்கொள்கிறார். அந்த இடத்தில் அரசு வண்டிகள் எத்தனை கழிகின்றன என்று யாரும் கேட்டதில்லை.

---

எட்டாம்வகுப்பு டீச்சர்

நாம் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறேன். இதுவரை ஒரு மனுவும் போட்டதில்லை, அதனால் தவறு இருந்தால் சொல்லுங்கள். மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி:

ஒன்று, 2022 நவம்பர் முதல் இன்று வரை 210பி பிரிவின் கீழ் போடப்பட்ட சலான்கள் எத்தனை, வசூலான தொகை எவ்வளவு.

இரண்டு, அதே காலத்தில் மாவட்டக் காவல்துறையின் பெயரில் பதிவான வண்டிகளுக்கு வந்த இ-சலான்கள் எத்தனை, கட்டியவை எத்தனை, ரத்தானவை எத்தனை.

மூன்று, காவல் வண்டிகள் சம்பந்தப்பட்ட உயிரிழப்பு விபத்துகள் எத்தனை, அவற்றில் வேறு நிலையத்துக்கு விசாரணை மாற்றப்பட்டவை எத்தனை.

நான்கு, ஒவ்வொரு காவல் நிலைய ஜீப்பின் லாக் புக் நகல்.

---

கோர்ட்வாசல்

முதல் மூன்றும் நன்றாக இருக்கின்றன. 'ஏன்' என்ற கேள்வி எங்கும் வரவில்லை, அது மிகவும் நல்லது. அவர்களிடம் இருக்கிற பதிவைத்தான் கேட்கலாம், விளக்கத்தைக் கேட்டால் தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மனு நகலை என்னிடம் கொடுத்து வையுங்கள், அதை நானே எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ

டீச்சரம்மா, நான்காவது கேள்வியை மாற்றுங்கள். எல்லா ஜீப்பும் கேட்டால் 'பாதுகாப்புக் காரணம்' என்று ஒரே வரியில் மறுப்பார்கள். ரோந்து வழி எல்லாம் அதில் இருக்கும், மறுப்பதிலும் ஓரளவு நியாயம் உண்டு. 'உயிரிழப்பு விபத்தில் சிக்கிய காவல் வண்டிகளுக்கு மட்டும், விபத்து நடந்த நாளின் லாக் புக் பக்கம்' என்று கேளுங்கள். லாக் புக் பழையதானால் ஸ்டேஷனில் இருக்காது, மோட்டார் வாகனப் பிரிவுக்குப் போயிருக்கும். அதனால் 'நிலையத்திலோ மோட்டார் வாகனப் பிரிவிலோ உள்ள' என்று சேர்த்து எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் 'இங்கே இல்லை' என்று பதில் வரும். அந்தப் பதிலை நானே எழுதியிருக்கிறேன்.

---

பால்காரர் மகன்

டீச்சர், என் மாவட்டத்துக்கும் இதே மனுவை என் பெயரில் போடுகிறேன். வாசகத்தை எடுத்துக்கொள்ளலாமா?

---

எட்டாம்வகுப்பு டீச்சர்

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. எஸ்எஸ்ஐ ஐயா சொன்னபடி நான்காவதை மாற்றிவிட்டேன், மாற்றிய வாசகத்தை உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

இன்று வகுப்பில் அந்தப் பெண்ணிடம் 210பி பற்றிச் சொன்னேன். அப்படி யாருக்காவது போட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். கேட்டு எழுதியிருக்கிறேன், ஒரு மாதத்தில் பதில் வர வேண்டும் என்றேன். கரும்பலகையின் ஓரத்தில் தேதியை எழுதி வைத்துவிட்டாள், யாரும் அழிக்கக் கூடாதாம். மனு நாளைக் காலை பதிவுத் தபாலில் போகிறது.